துரைத்தனம்: பகட்டுச் சொற்களும் மலைநாட்டு வரலாறும்

ஒரு சமுதாயம் எதனைப் பெருமையென மதித்தது, எதனை வெறும் பகட்டென இகழ்ந்தது என்பதை அறிதற்கு அதன் வழங்குசொற்கள் சிறந்த சான்றுகளாம். மெய்க்கீர்த்தியும் வரவேற்புப் பத்திரமும் உயர்ந்தோரைக் குறித்து உயர்ந்தோர் கேட்க எழுதப்பட்டவை. வயலிலும் வீதியிலும் தோட்டத்திலும் வழங்கும் சொற்களோ பணிந்து நின்றோர் தம்முள்ளே பேசிக்கொண்டவை. ஆதலின் முன்னவற்றிற் காணாத தீர்ப்புப் பின்னவற்றிற் காணப்படும். இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக வழங்கிவரும் 'துரை' என்னும் சொல்லும், அதன்வழிப் பிறந்த 'துரைத்தனம்' என்னும் சொல்லும் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். மதிப்புரையாய்த் தொடங்கிய சொல் இடித்துரையாயும் ஆகிய வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது.

பெருமிதமும் பகட்டும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் பெருமிதத்தையும் ஒன்றாக வைத்தார். கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கின் வழியாக அது தோன்றும் என்பது அவர் கொள்கை. இந்நான்கும் ஒருவனுடைய முயற்சியாலும் இயல்பாலும் வருவன. ஆடையாலோ பிறர் அளித்த பதவியாலோ வருவன அல்ல. வள்ளுவரும் 'பெருமை' என்னும் அதிகாரத்திலே, பெருமைக்குப் பணிவையும் சிறுமைக்குத் தன்னைத் தானே வியந்து அணிசெய்துகொள்ளுதலையும் அடையாளமாகக் கூறினார். எனவே, உண்மைப் பெருமிதம் வேறு, புறத்தே காட்டும் பகட்டு வேறு என்னும் தெளிவு தமிழில் மிகப் பழையது.

பகட்டைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பல உள. அவற்றுள் வடமொழி வழிவந்த மூன்று சொற்களின் மூலப்பொருள் உற்று நோக்கத்தக்கது. 'ஆடம்பரம்' என்பது வடமொழியில் ஒரு வகைப் பறையையும் அதன் பெருமுழக்கத்தையும் குறித்து, பின்னர் ஆரவாரத்தையும் வெளிப்பகட்டையும் குறிப்பதாயிற்று. 'டம்பம்' என்பதன் மூலமாகிய சொல்லுக்கு வஞ்சனை, பொய்வேடம் என்பன பொருள். பகவத்கீதையின் பதினாறாம் அத்தியாயம் அசுர இயல்புகளை எண்ணுமிடத்து முதற்கண் வைத்தது இதனையே. 'படாடோபம்' என்பது பாம்பு தன் படத்தை விரித்துப் பெருக்கிக் காட்டுதலைக் குறித்த தொடராகும். நஞ்சில்லாப் பாம்பாயினும் படம் விரித்தால் அச்சம் விளையும் என்னும் கருத்துப் பஞ்சதந்திரத்திலே காணப்படுகின்றது.

ஆகவே ஆடம்பரம் ஓசையாலும், டம்பம் பொய்யாலும், படாடோபம் அச்சத்தாலும் தம் தொழிலை நடத்துகின்றன. இம்மூன்றும் தனிமனிதரின் குணக்குற்றங்களாகவே நூல்களிற் பேசப்படும். மலைநாட்டுத் தோட்டங்களிலோ இவை குணக்குற்றங்கள் என்னும் அளவில் நில்லாது, ஆட்சி நடத்தும் கருவிகளாகவே அமைந்தன. துரை என்னும் சொல் அடைந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ளுதற்கு இவ்வுண்மை இன்றியமையாதது.

துரை என்னும் சொல்

துரை என்பது தலைவன், ஆள்வோன் என்னும் பொருளது. தெலுங்கிலே 'தொர' எனவும் கன்னடத்திலே 'தொரெ' எனவும் இதற்கு இனமான சொற்கள் உள. தென்னாட்டிலே பாளையக்காரரும் அவர் குடும்பத்தாரும் இவ்வாறு அழைக்கப்பட்டனர். வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பியாகி, ஆங்கிலக் கும்பனியை எதிர்த்து நின்று 1801இல் தூக்கிலிடப்பட்ட வீரனை உலகம் ஊமைத்துரை என்றே அறியும். அதே காலத்திலே, அவ்வீரரை அடக்க வந்த கலெக்டரையும் மக்கள் 'ஜாக்சன் துரை' என்றனர். ஒரே போரிலே இருதிறத்தாருக்கும் ஒரே பட்டம் வழங்கியமை, ஆட்சி கைமாறிய காலத்தைச் சொல் எவ்வாறு பதிவு செய்கின்றது என்பதைக் காட்டும்.

போர் முடிந்து பாளையங்கள் மறைந்தபின் அப்பட்டம் வெள்ளையரிடமே பெரிதும் நிலைத்தது. வெள்ளையன் துரையானான், அவன் மனைவி துரைசானியானாள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழிலே 'துரைத்தனம்' என்பது அரசாங்கத்தையும், 'துரைத்தனத்தார்' என்பது அரசாங்கத்தாரையும் குறித்தன. அப்பொழுது அச்சொல்லில் இழிவு யாதும் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்து இல்லங்களிலே பிள்ளைகளுக்குச் சின்னத்துரை, துரைராசா, துரைசாமி என அன்போடு பெயரிட்டமையும் இதனை வலியுறுத்தும்.

இலங்கையிலே தேசாதிபதி சேர் எட்வேட் பார்ன்ஸ் காலத்தில், 1820களிலே, கம்பளைக்கு அணித்தாகிய சிங்காபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பித் தோட்டம் அமைத்தார். பெருந்தோட்டப் பயிர்ச்செய்கையின் தொடக்கம் அஃதே. 1869இல் தோன்றிய இலைநோய் காலப்போக்கிற் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. நுவரெலியா, ஹட்டன், திக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிகளின் காடுகள் தோட்டங்களாயின. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர், ஊரிலே கேட்டறிந்த சொல்லால் தோட்ட முகாமையாளரைத் துரை என்றனர். தலைவர் 'பெரிய துரை'யும் உதவியாளர் 'சின்னத் துரை'யும் ஆயினர்.

முழக்கமும் பாம்பின் படமும்

தோட்டத்து நாள் பறையொலியோடு தொடங்கிற்று. விடியுமுன் தப்பு முழங்க, இலயங்களிலிருந்து ஆணும் பெண்ணும் எழுந்து பிரட்டுக் களத்திலே திரண்டனர். 'பிரட்டு' என்பது படை அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் போகும் உழவர் மக்கள், போர்வீரரைப்போல் வரிசையில் நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டனர். யாருக்கு எம்மலையில் வேலை என்பது அவ்விடத்தே தீர்மானிக்கப்பட்டது. பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பவும், வேலை குறைந்ததென்று 'அரைப் பேர்' போட்டு ஒருநாட் கூலியைப் பாதியாக்கவும் அதிகாரமிருந்தது. ஆடம்பரம் என்னும் சொல்லின் பழம்பொருளாகிய பறைமுழக்கம் இங்கே உருவகமன்று, அன்றாட நிகழ்ச்சியே.

இனி, படம் விரித்தலைக் காண்க. நூற்றுக்கணக்கான, சிலவிடத்து ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வாழும் தோட்டத்தில் வெள்ளைத் துரைமார் ஒருவரோ இருவரோதாம் இருந்தனர். எண்ணிக்கையாற் சிறியவர் பெரியதொரு கூட்டத்தை ஆளுதற்குச் சட்டம் மட்டும் போதாது, தோற்றமும் வேண்டும். ஆதலால் துரையின் பங்களா மேட்டிலே பூந்தோட்டத்தின் நடுவே எழுந்தது. தொழிலாளரின் இலயங்கள் தாழ்விலே, 10 அடிக்கு 12 அடி அளவான அறைகள் வரிசையாய் ஒட்டிநிற்க அமைந்தன. துரை குதிரைமேல் வரும்பொழுது எதிர்ப்பட்ட தொழிலாளி பாதையை விட்டு ஒதுங்கவும், குடையை மடக்கவும், தலைத்துண்டை அவிழ்க்கவும் வேண்டியிருந்தது. நுவரெலியாவிலே 1876இல் நிறுவப்பட்ட 'ஹில் கிளப்' நெடுங்காலம் ஐரோப்பியர்க்கே உரிய கழகமாக விளங்கிற்று. மாலைநேர உடைக்கும் அங்கே விதி இருந்தது.

இத்தோற்றம் ஆள்வோரையும் ஒருவாறு சிறைப்படுத்தியது. 1904 முதல் 1911 வரை இலங்கையிலே அரசாங்க சேவையிலிருந்து, யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் கடமையாற்றிய லெனாட் வுல்ஃப், 1961இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். இந்நாட்டில் வாழ்ந்த வெள்ளையர் அறிந்தோ அறியாமலோ ஒரு மேடைமீது வேடம் பூண்டு நடிப்பவராகவே வாழ்ந்தனர் என்பது அவர் தரும் செய்தி. நடிகன் வேடத்தைக் களைந்தால் நாடகம் நின்றுவிடும். தோட்டத்துரை எளியனாய் நடந்தால் தோட்டத்து ஆட்சி தளரும் என்னும் அச்சமே பகட்டை ஒரு கடமையாக்கிற்று.

மொழியிலும் இவ்வேற்றத்தாழ்வு படிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, புதிதாய் வந்த சின்னத் துரைமார் தமிழ் பயிலுதற்கென ஃபேர்குசன் என்பார் கொழும்பில் வெளியிட்ட கைந்நூலின் பெயரே 'இங்கே வா' என்பது. முதியோரையும் பெண்டிரையும் 'வாருங்கள்' என்றழைக்கும் மரபுடைய மக்களிடம் துரை பேசவேண்டிய முதற்சொல் ஒருமை ஏவலாய் அமைந்தது. கட்டளைக்கு வேண்டிய தமிழ் மட்டுமே துரைத்தமிழாயிற்று; உறவுக்கு வேண்டிய தமிழ் அதில் இடம்பெறவில்லை.

கோட்டும் கடனும்

துரைக்கு அடுத்த நிலையில் நின்றவர் கங்காணி. கண்காணி என்பதே கங்காணி என மருவிற்று. சோழர் கல்வெட்டுக்களிலே கோயிற் காரியங்களை மேற்பார்வை செய்தோர் கண்காணி எனப்பட்டனர். திருமூலரோ எங்கும் நிறைந்து எல்லாவற்றையும் காணும் இறைவனையே கண்காணி என்றார். இத்துணை உயர்ந்த சொல் தோட்டத்திலே ஆட்சேர்க்கும் தலைவனுக்கு உரியதாயிற்று. பெரியங்கங்காணி தன் ஊரிலும் அயலூர்களிலும் ஆட்களைத் திரட்டி, மன்னார் வழியாகக் கடல்கடந்து அழைத்து வந்தான். அவனுக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் சிறுசிறு குழுக்களை நடத்தினர்.

பெரியங்கங்காணியின் தோற்றம் அக்காலப் புகைப்படங்களிலே இன்றும் காணக்கிடைக்கின்றது. வேட்டியின் மேலே கறுப்புக் கோட்டு, தலையிலே பாகை, காதிலே கடுக்கன், கையிலே குடை அல்லது பிரம்பு. இக்கோலம் இருமுகமாகப் பேசிற்று. துரைக்கு அது 'உம்முடைய ஆள் யான்' என்றது. ஊரிலே பஞ்சத்தால் வாடிநின்ற உறவினருக்கு 'இலங்கைக்கு வந்தால் நீரும் இவ்வாறு ஆகலாம்' என்றது. முன்னது ஓரளவு மெய். பின்னது பெரும்பாலும் பொய். டம்பம் என்பதன் மூலப்பொருள் வஞ்சனை என மேலே கண்டோம். அதன் பொருத்தம் இவ்விடத்தே விளங்கும்.

அக்கோட்டின் செலவை ஈடுசெய்தது எது? தன் கீழுள்ள ஆட்கள் வேலைக்கு வந்த கணக்குப்படி கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. வழிச்செலவுக்கும் பிறவற்றுக்கும் தந்த முற்பணம் தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டது. ஒருவன் தோட்டம் மாற விரும்பினால் அவனுடைய கடனைக் குறித்த 'துண்டு' அவனோடு சென்றது; புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தே அவனை ஏற்றது. கடனுக்கு ஈடாய் மனிதரே கைமாறிய முறை அது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதன்பின்னரும் கங்காணியின் செல்வாக்கு உடனே அழியவில்லை. திறமையற்ற தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்தலை இந்திய அரசாங்கம் 1939 ஆகஸ்டில் தடைசெய்தபொழுதே அதன் வேர் அறுந்தது.

கங்காணியர் அனைவரும் கொடியவர் எனக் கொள்ளுதல் நேரிதன்று. உறவினரின் வழக்குத் தீர்த்தும், திருமணமும் ஈமக்கடனும் நடத்தி வைத்தும், கோயில் எடுப்பித்தும் உதவியோர் அவருள் இருந்தனர். ஆயினும் மொழி நினைவில் வைத்தது பிறிதொன்று. இன்றைய தமிழ் மேடைகளிலே பிறர் நலத்துக்காகத் தன் இனத்தையே மேய்ப்பவனைக் 'கங்காணி' என்று இகழ்தல் காண்கின்றோம். இறைவனுக்குரியதாய் இருந்த சொல் வசையாய் முடிந்தது.

கூலியே பெயரானது

மேலே இருந்தோரின் பட்டங்கள் பெருகப் பெருக, கீழே இருந்தோரின் பெயர் சுருங்கிற்று. கூலி என்பது தமிழில் உழைப்புக்குத் தரும் ஊதியம். அச்சொல்லே உழைக்கும் மனிதனின் பெயராகி ஆங்கிலேயராட்சி பரவிய நாடுகளெங்கும் வழங்கிற்று. மலைநாட்டிலே தமிழ் கற்பிக்க இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெல்ஸ் என்பார் எழுதிய நூல் 'கூலித் தமிழ்' என்றே பெயர் பெற்றது. மனிதர் கூலியாயினர், அவர் மொழியும் கூலித்தமிழ் ஆயிற்று.

இவ்விழிவுக்கு வெள்ளையரை மட்டும் பொறுப்பாக்குதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. தோட்டங்களிலே எழுதுவினைஞராகவும் கணக்கப்பிள்ளைகளாகவும் மருந்துச்சாலைப் பணியாளராகவும் கடமையாற்றியோருள் யாழ்ப்பாணத்துத் தமிழரும் பலர். ஒரே மொழி பேசி, ஒரே முருகனை வணங்கியும், இலயத்து மக்களோடு சமமாய் உடனிருந்து உண்ணாதோர் அவருட் பலராவர். 'தோட்டக்காட்டான்' என்னும் இழிசொல் தமிழர் வாயிலேயே வழங்கியது. துரையின் பகட்டைப் பழித்தோர் அதனைத் தாமும் சிறிதளவு அணிந்துகொண்டனர் என்பதற்கு அச்சொல்லே சான்று.

சாமி என அழைக்கப்பட்ட சின்னத் துரை

பகட்டே ஆட்சியின் கருவியாயின், அதனைக் களைந்தவனை அவ்வமைப்பு எவ்வாறு நடத்தும் என்பதற்கு 1937இல் நிகழ்ந்ததொன்று விடை தருகின்றது. மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் இலங்கைக்கு வந்து, மடுல்கலைப் பகுதியில் ரெலுகாஸ் தோட்டத்திலே தொழில் பழகினார். தொழிலாளரின் வாழ்க்கையைக் கண்டு உளம் வருந்தி அவர் பக்கம் பேசியமையால் வேலையினின்று நீக்கப்பட்டார். பின்னர் இலங்கைச் சமசமாசக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்பிரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில், இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்தியாய பேசிய கூட்டத்திலே, துரைமாரின் செயல்களைப் பிரேஸ்கேர்டில் வெளிப்படையாகக் கண்டித்தார். அவருடைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தொழிலாளர் 'சாமி, சாமி' என முழங்கினர் என அக்கால அறிக்கையொன்று கூறுகின்றது.

இம்முழக்கம் கருத்தூன்றி நோக்கத்தக்கது. நிறத்தாலும் நாட்டாலும் அவர் துரையே. ஆயினும் மக்கள் அவரைத் துரை என்று வாழ்த்தவில்லை. கோயிலிலே தாம் வழங்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்தனர். துரை என்பது அஞ்சித் தந்த மதிப்பு. சாமி என்பது விரும்பித் தந்தது. இருவகை மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் நன்கறிந்திருந்தனர். தேசாதிபதி அவரை நாடுகடத்த ஆணையிட்டார். அவர் தலைமறைவாகிப் பின் கைதானார். 1937 மே மாதம் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு சின்னத் துரை வேடம் களைந்தமைக்கு ஓர் அரசாங்கமே கலங்கியதெனின், அவ்வேடம் எத்துணைப் பொறுப்பைச் சுமந்து நின்றது என்பது தெளிவாகும்.

அதற்கு முன்னரே மக்கள் விரும்பித் தரும் மதிப்பைப் பெற்றவர் கோ. நடேசய்யர். 'தேசநேசன்', 'தேசபக்தன்' முதலிய பத்திரிகைகளை நடத்திய அவர், அயலார் புகமுடியாத தோட்டங்களுக்குள்ளே துணி விற்பவர் போன்று வேடம் பூண்டு சென்றார் என்பர். துரை பெரியவராய்த் தோன்ற வேடம் புனைந்தார். நடேசய்யரோ எளியவராய்த் தோன்ற வேடம் புனைந்தார். 1931இல் அவர் தொழிலாளர் சம்மேளனத்தை ஹட்டனிலே நிறுவினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவர் மனைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிலே பாடித் தொழிலாளரை எழுப்பினார். பறைமுழக்கிக் கூட்டிய பிரட்டுக் களத்துக்கு மாறாக, பாட்டொலி கேட்டுத் தாமே திரண்ட கூட்டங்கள் தோன்றின. 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரசு எழுந்தபின், கங்காணி நின்ற இடத்திலே தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் நிற்கலானார்.

பட்டம் எஞ்சியது, தீர்ப்பும் எஞ்சியது

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை இலட்சக்கணக்கானோரை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. இதனிடையே 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. வெள்ளைத் துரைமார் போயினர். இந்நாட்டவர் அவர்தம் பங்களாக்களிலே குடியேறினர். எனினும் தோட்ட முகாமையாளர் இன்றும் 'தொரை'யே. ஆள் மாறிய பின்னும் பட்டம் மாறாமையால், அப்பட்டம் நிறத்தையன்று, நிலையையே குறித்ததென்பது புலனாகும்.

பட்டத்தோடு அதன் நிழலாகிய ஏளனமும் எஞ்சியது. வேலைக்குப் பிந்தி வருபவனைப் 'பெரிய துரை வந்துவிட்டார்' என்பர். உற்றாரை மதியாதவனுக்குப் 'பெரிய துரை என்ற நினைப்பு' என்பர். தன் கையால் ஒன்றும் செய்யாது பிறரை ஏவுபவனைத் துரைத்தனம் பண்ணுகின்றான் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அரசாங்கத்தைக் குறித்த சொல் இங்ஙனம் வீண்பகட்டைக் குறிப்பதாயிற்று. இவ்வேளனம் துரையின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டதன்று. நேரே சொல்ல இயலாதவர் தம்முள்ளே ஒருவரையொருவர் திருத்திக்கொள்ள அதனைப் பயன்படுத்தினர். முன்னே நின்று பணிவாய்ச் சொன்ன அதே சொல்லைப் பின்னே நின்று அளவுகோலாக்கினர். வாக்கும் நிலமும் இல்லாதிருந்த காலத்திலும் இவ்வளவுகோல் அவர் கையை விட்டு நீங்கவில்லை.

இன்று இலயத்து அறைகளிலே பிறந்தோர் ஆசிரியராகவும் சட்டவறிஞராகவும் பல்கலைக்கழக விரிவுரையாளராகவும் மக்கட் பிரதிநிதிகளாகவும் விளங்குகின்றனர். தொல்காப்பியர் பெருமிதத்துக்குக் காரணமாய்க் கூறிய நான்கனுள் முதலாவதாகிய கல்வி அவர்களுக்கும் வாய்த்துள்ளது. ஆயினும் அக்கல்வியைப் பெருமிதமாக்குவதும் பகட்டாக்குவதும் கற்றோர் கையிலேயே உள்ளது. கோட்டணிந்த கங்காணியும் ஒருகாலத்தில் அம்மக்களிலிருந்து மேலெழுந்தவனே. கற்றவன் ஊர் திரும்பும்பொழுது, பெருமிதம் உடையவனா, துரைத்தனம் பண்ணுபவனா என்பதை முடிவு செய்வது அவனுடைய பட்டச்சான்றிதழ் அன்று. இலயத்து வாசலிலே அவனைக் குறித்து எழும் சொல்லே.